கல்லாவின் எதிர்ப்புறத்திலிருந்து ஒரு பார்வை

நம் ஒவ்வொருவர் கடையிலும் தராசு இருக்கிறது. அது சரியாக எடை காட்டுகிறதா என்று பார்த்து முத்திரையிட அரசாங்கத்தில் ஆய்வாளர் இருக்கிறார். முத்திரை இல்லாத தராசை வைத்து வியாபாரம் செய்தால் அபராதம் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் கடைக்குள் ஒருவர் காலடி எடுத்து வைத்த உடனேயே அவரை எடை போட்டுவிடுகிற இன்னொரு தராசு நம் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. இவர் வாங்குவாரா, விலை கேட்டுவிட்டுப் போய்விடுவாரா? இவருக்குக் கடன் கொடுக்கலாமா? 'வாங்க' என்று எழுந்து நிற்க வேண்டுமா, உட்கார்ந்த இடத்திலிருந்தே 'என்ன வேணும்' என்று கேட்டால் போதுமா? இத்தனையையும் அந்தத் தராசு ஒரு நொடியில் தீர்மானித்துவிடுகிறது. அதற்கு முத்திரை போட எந்த ஆய்வாளரும் வருவதில்லை.

ஆள் பார்த்து எடை போடுவது வியாபாரத்தின் ஒரு பகுதிதானே என்று கேட்கலாம். அனுபவத்தால் வந்த கணிப்பு வேறு. துணியையும் நிறத்தையும் தெருவையும் சாதியையும் பேச்சையும் பார்த்து, நாமே அறியாமல் மனம் போடுகிற எடை வேறு. இந்த இரண்டாவது எடையைப் பற்றி உலகில் பல இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதைக் குறைக்க வழி உண்டா என்றும் சோதித்திருக்கிறார்கள். அதில் முக்கியமாகப் பேசப்படுகிற வழி, எதிரே நிற்பவருடைய இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான். இந்த வழி எவ்வளவு பலிக்கிறது, எங்கே பலிக்கவில்லை, நம் கடைகளில் இதை எப்படிக் கையாளலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பாஞ்சாங்குளம் சொன்ன பாடம்

வெகுதூரம் போக வேண்டாம். நம் தென்காசி மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளம் என்ற சிற்றூரில் 2022 செப்டம்பரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கப் பெட்டிக்கடைக்கு வந்தார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த குழந்தைகள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருக்காரர்களுக்கு இனிமேல் இங்கே பண்டம் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் அவர்களைத் திருப்பி அனுப்பினார். அந்தக் காட்சி கைபேசியில் பதிவாகி நாடெங்கும் பரவியது. காவல்துறை வழக்குப் பதிந்தது. கடைக்காரர் கைதானார். கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் அந்த ஊருக்குள்ளேயே நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

பெரியவர்களுக்குள் இருந்த பகை வேறு, வழக்கு வேறு. ஆனால் கடையின் எதிர்ப்புறத்தில் நின்றது குழந்தைகள். கையில் காசு இருக்கிறது, கண்ணெதிரே கண்ணாடி பாட்டிலில் மிட்டாய் இருக்கிறது, அது தங்களுக்கு இல்லை என்கிறார்கள். கட்டுப்பாடு என்றால் என்னவென்றே புரியாத வயது. அந்தக் கணத்தில் கடைக்காரர் ஒரு நிமிடம் தன் சொந்தப் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்திருந்தால் கை தானாகவே பாட்டிலைத் திறந்திருக்கும். பகை பெரியவர்களோடு நின்றிருக்கும். கடையும் இருந்திருக்கும்.

இதைப் படிக்கும் நம்மில் பெரும்பாலோர், 'நாம் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை' என்றே சொல்வோம். அது உண்மையும்கூட. பண்டம் இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்புகிற கடை இன்று அரிது. ஆனால் தெரிந்தே செய்வது ஒன்று. தெரியாமலே நம் கையும் வாயும் செய்துவிடுவது மற்றொன்று. நாம் பேச வேண்டியது இந்த இரண்டாவதைப் பற்றி.

தெரியாமலே நடப்பவை

கடைவீதியில் ஒரு நாள் நின்று கவனித்தால் போதும். வேட்டி வெளுப்பாக இருப்பவர் வந்தால் 'வாங்க அண்ணாச்சி' என்கிறோம். அதே வயதுள்ள ஒருவர் வயல் சேறு காயாத காலுடன் வந்தால் பெயரைச் சொல்லியோ 'ஏய்' என்றோ கூப்பிடுகிறோம். அறுபது வயதுக்காரரைப் பதினாறு வயதுக் கடைப்பையன் ஒருமையில் அழைக்கிறான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலாளி செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். ஒருவருக்கு மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்கிறோம். இன்னொருவருக்கு மேசை மேல் வைக்கிறோம். ஜவுளிக்கடையில் ஒரு குடும்பத்துக்கு நாற்காலி போட்டுப் புடவைகளை விரிக்கிறோம். மற்றொரு குடும்பம் விலை கேட்டதும், 'அது ஜாஸ்தி விலை' என்று எடுத்துக் காட்டாமலே சொல்லிவிடுகிறோம். பளியர் குடும்பம் தேன் கொண்டுவந்தால் எடையில் சந்தேகம் கிளப்புகிறோம். நரிக்குறவப் பெண் கடைக்குள் வந்தால் பையனுடைய கண் அவர் கைகளை விட்டு நகர்வதில்லை.

வேலைக்குப் பையன் கேட்டு வரும்போது இன்னொன்று நடக்கிறது. 'எந்த ஊரு?' என்று முதலில் கேட்கிறோம். 'அந்த ஊர்ல எந்தத் தெரு?' என்று அடுத்துக் கேட்கிறோம். ஊர் கேட்பது பழக்கம். தெரு கேட்பது எதற்கு என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். வட இந்தியாவில் தெருப் பெயருக்குப் பதில் குடும்பப் பெயரே அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாளிதழ்களில் வந்த தனியார் கம்பெனி வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரியான தகுதிகளைக் காட்டி 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். பெயர் மட்டுமே வேறு. தலித் பெயர் உள்ள விண்ணப்பங்களுக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர் உள்ளவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. முஸ்லிம் பெயர்களுக்கு இன்னும் குறைவு. அந்த அதிகாரிகளிடம் கேட்டிருந்தால், 'நாங்கள் தகுதியை மட்டுமே பார்க்கிறோம்' என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள்.

நிறத்திலும் இதே கதைதான். 1975இல் சந்தைக்கு வந்த சிவப்பழகு கிரீமை நம் கடைகளில் விற்காதவர் யார்? அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க அந்தக் கம்பெனிக்கு 2020 வரை ஆயிற்று. சிவப்பாக இருப்பவர் வசதியானவர், கறுப்பாக இருப்பவர் கூலி வேலைக்காரர் என்று, நாமே கறுப்பாக இருந்துகொண்டு எடை போடுகிற ஊர் நம்முடையது.

அமெரிக்காவில் ஒரு செருப்புக்கடை

நிறத்தால் எடை போடுவதை ஒளிந்திருந்து படம் பிடித்துக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. ஏபிசி நிறுவனம் தயாரித்தது. ஜான் கூனென் வெள்ளையர், க்ளென் ப்ரூவர் கறுப்பினத்தவர். படிப்பிலும் உடையிலும் பேச்சிலும் இருவரும் ஏறக்குறைய சமம். இருவரும் செயின்ட் லூயிஸ் நகரில் கடை கடையாகத் தனித்தனியே போனார்கள். செருப்புக்கடையில் ஜான் நுழைந்ததும் விற்பனையாளர் ஓடி வந்தார். க்ளென் செருப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தபடி நின்றார். அவரிடம் யாரும் வரவில்லை. இசைத்தட்டுக் கடையில் க்ளென்னுக்குப் பின்னாலேயே ஒரு ஆள் நிழல் போலத் தொடர்ந்தார். ஜானை யாரும் தொடரவில்லை. கார் விற்பனை நிலையத்தில் ஒரே காருக்கு க்ளென்னிடம் கூடுதல் விலை சொன்னார்கள். அந்த விற்பனையாளர்கள் யாரும் க்ளென்னைத் திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. படத்தைப் பார்த்த பிறகுதான் கடைகளில் என்ன நடக்கிறது என்று பலருக்கும் புரிந்தது.

மனம் போடும் இந்த எடையை அளப்பதற்கு அந்தோணி கிரீன்வால்ட் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1998இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் முகங்களும் சொற்களும் மாறி மாறி வரும். நல்ல சொல்லையும் வெள்ளை முகத்தையும் ஒரே பொத்தானில் சேர்க்கச் சொன்னால் கை வேகமாகப் போகிறது. நல்ல சொல்லையும் கறுப்பு முகத்தையும் சேர்க்கச் சொன்னால் தடுமாறுகிறது. 'எனக்கு நிற வேற்றுமை கிடையாது' என்று மனதாரச் சொல்கிறவர்களில் பலருக்கும் அந்தத் தடுமாற்றம் இருந்தது. ஒருவருடைய மனதை இந்தச் சோதனை எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. ஆனால் வாய் சொல்வதும் கை செய்வதும் வேறு வேறாக இருக்க முடியும் என்பது தெளிவாயிற்று.

அவர் இடத்தில் நம்மை வைத்தால்

இதற்கு மருந்து என்ன? 'வேற்றுமை பார்க்காதே' என்று மனதுக்குக் கட்டளை போட்டால் போதாதா? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன கதைதான் அது. ஆடம் கலின்ஸ்கி, கார்டன் மாஸ்கோவிட்ஸ் என்ற இருவர் 2000இல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஒரு முதியவரின் படத்தைக் கொடுத்து, அவருடைய ஒரு நாள் வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். ஒரு பிரிவினரிடம், முதியவர்களைப் பற்றிய வழக்கமான எண்ணங்கள் இல்லாமல் எழுதுங்கள் என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம், நீங்களே அந்த முதியவராக இருந்து, அவர் கண்ணால் பார்த்து எழுதுங்கள் என்றார்கள். எண்ணத்தை அடக்கச் சொன்னவர்கள் கட்டுரையில் அடக்கினார்கள். ஆனால் பிறகு சோதித்தபோது அதே எண்ணங்கள் அவர்கள் மனதில் இன்னும் வேகமாக எழுந்தன. முதியவரின் கண்ணால் பார்த்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

2011இல் ஆண்ட்ரூ டாட், கலின்ஸ்கி முதலிய நால்வர் இதையே நிற வேற்றுமைக்குப் பொருத்திப் பார்த்தார்கள். கறுப்பினத்தவர் ஒருவருடைய இடத்தில் தன்னை வைத்து, அவர் மனதில் என்ன ஓடும் என்று நினைத்துப் பார்த்தவர்களுக்கு, விலகி நின்று வேடிக்கை பார்த்தவர்களைவிட மனதின் தடுமாற்றம் குறைந்தது. வணிகர்களாகிய நமக்கு அந்த ஆய்வின் கடைசிச் சோதனைதான் மிகவும் பயன்படும். அப்படி நினைத்துப் பார்த்தவர்கள் பிறகு கறுப்பினத்தவர் ஒருவருடன் நேருக்கு நேர் பேசினார்கள். எதிரே இருந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. ஆனாலும் 'இவரோடு பேசியது நன்றாக இருந்தது' என்று கூடுதலாகச் சொன்னார்கள். காரணம் பேச்சு அல்ல. முகம் கொடுத்ததும், நெருங்கி இருந்ததும்தான். நம் மனதில் இருப்பதை வாடிக்கையாளர் நம் உடம்பிலிருந்தே படித்துவிடுகிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மருந்துக்கும் அளவு உண்டு

நல்லதை மட்டும் சொல்லிவிட்டு விட்டால் நியாயமாகாது. கால்வின் லாய் என்ற ஆய்வாளர் பலருடன் சேர்ந்து 2014இல் இத்தகைய 17 வழிகளை ஆயிரக்கணக்கானவர்களிடம் ஒரே அளவுகோலால் சோதித்தார். எட்டு வழிகள் பலித்தன. பிறர் இடத்தில் நின்று பார்க்கும் வழி அந்த எட்டில் இல்லை. 2016இல் ஒன்பது வழிகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பதும் அந்த நேரத்துக்குப் பலித்தன. சில மணி நேரம் முதல் சில நாட்களுக்குள் எல்லாமே கரைந்துவிட்டன. ஒரு தடவை நினைத்துப் பார்ப்பது காலையில் கடை வாசலில் தெளிக்கும் தண்ணீர் மாதிரி. தூசி அடங்குகிறது, வெயில் ஏறியதும் காய்ந்துவிடுகிறது. மறுநாளும் தெளித்தால்தான் உண்டு.

இன்னொரு குறையும் உண்டு. அவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, நம் ஊகத்தையே அவர் தலையில் ஏற்றிவிடுகிறோம். தால் இயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2018இல் வெளியிட்ட 25 சோதனைகளில், பிறர் மனதை ஊகித்துப் பார்ப்பதால் அவரைப் பற்றிய நம் கணிப்பு சரியாகிவிடுவதில்லை என்று தெரிந்தது. சரியாக வேண்டுமானால் அவரிடமே கேட்க வேண்டும். 'ஏழையாக இருக்கிறார், விலை குறைந்ததைக் காட்டுவோம்' என்று நாம் இரக்கப்பட்டுச் செய்வதுகூட அவருக்கு அவமானமாகலாம். அவர் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க மூன்று வருடம் சேர்த்த பணம் மடியில் இருக்கலாம். 'என்ன விலையில் பார்க்கிறீங்க?' என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டுவிட்டால் ஊகத்துக்கே வேலை இல்லை.

கேட்டுப் பேசுவதற்கு நீடித்த பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் மயாமி நகரில் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா ஆகியோர் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய், திருநங்கையர், திருநம்பியரைப் பற்றிச் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். உபதேசம் செய்யவில்லை. 'நீங்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர் என்பதற்காக யாராவது உங்களை எப்போதாவது தாழ்வாக நடத்தியது உண்டா?' என்று வீட்டுக்காரரையே பேச வைத்தார்கள். தனக்கு நேர்ந்ததை நினைவுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு அடுத்தவர் வலி புரிந்தது. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் இருந்தது.

நம் முன்னோர் நின்ற இடம்

அப்படியானால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அடுத்தவர் இடத்தைக் கற்பனை செய்து பார்க்க வேண்டிய அவசியமே நம்மில் பலருக்கு இல்லை. நம் பாட்டனும் முப்பாட்டனும் அந்த இடத்தில் நின்றவர்கள்.

இன்று தென் மாவட்டங்களின் கடைவீதிகளில் முன்வரிசையில் இருக்கும் நாடார் சமுதாயத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலாடை அணியும் உரிமைக்காகத் திருவிதாங்கூரில் அவர்களுடைய பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்தது. கமுதியில் 1897இல் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு நடந்தது. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அங்கேயும் தோற்றது. சிவகாசியில் 1899இல் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. சந்தையில் பாதுகாப்பில்லை என்பதால்தான் பேட்டைகள் கட்டினார்கள். விற்ற சரக்குக்கு மகமை பிடித்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். இது ஒரு சமுதாயத்தின் கதை மட்டுமல்ல. கடையநல்லூரிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள், பர்மாவில் கடை நடத்தி ஓடி வந்தவர்கள், 1983 ஜூலையில் கொழும்பில் கடை எரிந்து போன தமிழ் வணிகர்கள் என்று எல்லோருக்கும் இதே அனுபவம் உண்டு. வியாபாரத்தில் என்ன தவறு செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. யார் என்று மட்டும் பார்த்தார்கள்.

நம் குற்றாலத்துக்கே இதில் ஒரு பக்கம் இருக்கிறது. 1934 ஜனவரியில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் குற்றாலம் வந்தார். அருவியில் குளிக்க ஏற்பாடாகியிருந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் அந்த அருவியில் குளிக்க முடியாது என்று அவருக்குத் தெரிய வந்தது. அவர்களுக்கு இல்லாத அருவி தனக்கும் வேண்டாம் என்று குளிக்காமலே திரும்பினார். அடுத்தவர் இடத்தில் நின்று பார்ப்பது என்பதற்கு நம் ஊரில் நடந்த இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவர் வருத்தம் மட்டும் தெரிவிக்கவில்லை. தன் கையில் இருந்த சலுகையை வைத்துவிட்டுப் போனார். இன்று சாரல் காலத்தில் அதே அருவியில் யார் யாருடைய தோளோடு தோள் உரசி நிற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அருவியில் வந்த அந்தச் சமத்துவம், ஈரத் துண்டோடு படி ஏறிக் கடைவீதிக்கு வந்ததும் ஏன் குறைய வேண்டும்?

லாபக் கணக்கும் சட்டக் கணக்கும்

தர்மத்தை விட்டுவிட்டுப் பேரேட்டை மட்டும் புரட்டினாலும் கணக்கு இதே பக்கம்தான் சாய்கிறது. அமெரிக்காவில் கிரீன்ஸ்போரோ நகரில் வுல்வொர்த் என்ற பெரிய கடை இருந்தது. 1960 பிப்ரவரி 1ஆம் தேதி நான்கு கறுப்பின மாணவர்கள் அங்கே பற்பசை போன்ற சாமான்களை வாங்கினார்கள். கடையும் காசு வாங்கிக்கொண்டு பில் கொடுத்தது. அதே கடையின் சிற்றுண்டி மேசையில் உட்கார்ந்து காபி கேட்டபோது, உங்களுக்குக் கிடையாது என்றார்கள். மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஆறு மாதத்துக்குள் அந்தக் கடைக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் டாலர் வியாபாரம் போயிற்று. ஜூலை 25ஆம் தேதி எல்லோருக்கும் காபி கொடுத்தார்கள். ஒரு மேசையில் காசு வாங்கி மறு மேசையில் மறுத்தது எவ்வளவு முரண் என்பது, வியாபாரம் படுத்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

நம் நாட்டுச் சட்டமும் தெளிவாக இருக்கிறது. கடைகளிலும் ஓட்டல்களிலும் சாதி, மதம், இனம் பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு. 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்துவிட்டது. தீண்டாமையைக் காரணம் காட்டி, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் பொருளை விற்க மறுத்தால் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 6ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை உண்டு. 'விற்க மறுக்கவில்லையே, தனி டம்ளரில் கொடுத்தேனே' என்ற சமாதானம் இந்தச் சொற்களின் முன் நிற்காது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 2015இல் திருத்தி மேலும் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிப் பொருள் கொடுக்காமல் இருப்பதும் அதில் குற்றமே. ஊர்க்கூட்டத்தில் கை தூக்கியவர்கள் நூறு பேர் இருக்கலாம். கடை வாசலில் வந்து நிற்கும் காவல்துறை வண்டி கடைக்காரரைத்தான் ஏற்றிக்கொண்டு போகும். இதை ஒவ்வொரு வணிகரும் நினைவில் வைக்க வேண்டும்.

கடையில் செய்யத்தக்கவை

மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் நாளாகும். ஆய்வுகள் சொல்வதும் அதுவே: நல்ல எண்ணம் கரைந்துவிடும், நல்ல பழக்கம் நிற்கும். ஆகவே செலவில்லாமல் செய்யக்கூடிய சிலவற்றை இங்கே தருகிறோம்.

1. வாரத்தில் ஒரு நாள், கால் மணி நேரம் கல்லாவை விட்டு இறங்கி, வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்று உங்கள் கடையைப் பாருங்கள். யாரை முதலில் கவனிக்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியும்.

2. வந்த வரிசைப்படி சரக்குக் கொடுங்கள். கூட்ட நேரத்தில் சீட்டு எண் கொடுப்பது இன்னும் நல்லது. எண்ணுக்குச் சாதியும் கிடையாது, நிறமும் கிடையாது.

3. விலையை எழுதி ஒட்டுங்கள். சீசன் காலத்தில் கேரளத்துக் காருக்கு ஒரு விலை, உள்ளூர் சைக்கிளுக்கு ஒரு விலை என்பது பழத்துக்கும் சிப்ஸுக்கும் வேண்டாம்.

4. வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் 'வாங்க', 'சொல்லுங்க' என்று கடைப்பையன்கள் பேசட்டும். முதலாளி பேசினால் அவர்களும் பேசுவார்கள்.

5. மீதிப் பணத்தை எல்லோருக்கும் கையிலேயே கொடுங்கள்.

6. டீக்கடைகளில் எல்லோருக்கும் ஒரே டம்ளர், ஒரே பெஞ்சு. ஆளைப் பார்த்துக் காகிதக் கப்பை எடுப்பதும் பழைய இரட்டை டம்ளரின் தம்பிதான்.

7. கடன் கொடுப்பதற்கு ஒரு விதி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாத வாடிக்கை, எவ்வளவு தொகை, எத்தனை நாள் தவணை. முகத்தைப் பார்க்காமல் விதியைப் பாருங்கள்.

8. ஆள் எடுக்கும்போது 'எந்தத் தெரு' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். பல தெருப் பையன்களும் ஒரே கடையில் ஒன்றாக வேலை செய்வதே பெரிய மருந்து. மேட் லோவ் என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப்பிரதேசத்தில் பல சாதி இளைஞர்களைக் கிரிக்கெட் விளையாட வைத்து 2021இல் ஆய்வு வெளியிட்டார். ஒரே அணியில் ஆடியவர்களுக்குள் சாதி தாண்டிய நட்பு கூடியது; எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களுக்குள் அது கூடவில்லை. கடையும் ஒரு அணிதான்.

9. ஃபேன்சி கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிப் பிள்ளைகள் சாதிக்கொரு நிறமாகக் கையில் கட்டும் கயிறுகளை விற்க வேண்டாம். நாங்குநேரியில் 2023இல் மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யும்படி பரிந்துரைத்திருக்கிறது. அந்தக் கயிற்றில் நமக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு ரூபாய். அதனால் ஊர் கொடுக்கும் விலை மிகப் பெரியது.

10. வெளியூர், வெளிமாநில வாடிக்கையாளர் பேச்சு புரியவில்லை என்றால் எரிச்சல் படாமல் இரண்டாம் தடவை கேளுங்கள். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவின. அந்தப் பொய்யைக் கண்டு பயந்து ஊர் திரும்பியவர்களும் உண்டு. பயந்த மனிதருக்கு ஊர் என்பது முதலில் ஒரு மளிகைக் கடையும் ஒரு டீக்கடையும்தான்.

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வணிகருக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள் போலக் கருதிச் செய்வதே வாணிகம் என்பது அதன் கருத்து. பொருளைப் பற்றிச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும். எதிரே நிற்பவரின் மதிப்பையும் நம் மதிப்பு போலக் கருதினால் நாம் வாங்குகிற காசு சுத்தமாகிறது, அவர் மறுபடியும் வருகிறார்.

சங்கத்தின் வட்டார, பஜார் கூட்டங்களில் இந்தப் பத்து அம்சங்களையும் ஒருமுறை படித்து விவாதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்கள் அவரவர் கடையில் எவை ஏற்கெனவே நடக்கின்றன, எவை நடக்கவில்லை என்று பார்த்து, நடக்காதவற்றில் ஒன்றையாவது இந்த மாதமே தொடங்கட்டும். வரப்போகிற சாரல் காலத்தில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் வருகிற ஒவ்வொருவரும், எந்தத் தெருக்காரராக இருந்தாலும், எந்த நிறத்தவராக இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், நம் கடைப் படியேறும்போது கேட்கும் முதல் சொல் 'வாங்க' என்பதாக இருக்கட்டும்.